பெயர் ஒன்று, பதிவு பல: நூற்பட்டியலைச் செப்பனிடுதல்

நூலகத்தின் திறவுகோல் நூற்பட்டியல். அதில் பிழையாகப் பதிவான நூல், அடுக்கில் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்பவரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பதாகும். பட்டியலைச் செப்பனிடுதல் அவ்விதிக்குச் செய்யும் தொண்டேயாம்.

இசுலாமியத் தமிழ் இலக்கியத்தில் இத்தேவை மிகுதி. 5027 செய்யுள்களால் ஆகிய சீறாப்புராணத்தின் ஆசிரியர் பெயர் உமறுப்புலவர், உமறுப் புலவர், உமருப்புலவர் எனப் பலவாறு எழுதப்படுகிறது. முகம்மது என்னும் பெயரோ முஹம்மது, முகமது என்றும் வழங்கும். நமக்கு இவை ஒரே பெயர்; கணிப்பொறிக்கோ வெவ்வேறு பெயர்கள். ஒரு வடிவத்தைத் தேடும் மாணவர்க்கு ஏனைய வடிவங்களில் பதிவான நூல்கள் அகப்படா.

கண்ணுக்குப் புலனாகாத வேற்றுமையும் உண்டு. ஔவையார் என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடுவோர் உளர். தாளில் வேறுபாடு தோன்றாது. தேடலில் ஔவை அகப்படார்.

ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்துதல் அரிது. ஆதலின் தொகுதியாகத் திருத்தும் முறை தோன்றிற்று. ஓப்பன்ரிஃபைன் என்னும் மென்பொருள் ஒத்த வடிவங்களைத் திரட்டிக் காட்டும். மார்க்எடிட், கோஹா ஆகியவை ஒரே கட்டளையால் பல பதிவுகளை மாற்றும்.

வேகம் பெருகும்போது பிழையும் பெருகும். 'சீறா' என வருமிடமெல்லாம் 'சீறாப்புராணம்' என மாற்றுக எனக் கட்டளையிட்டால், முன்னரே செம்மையாக இருந்த தலைப்பு 'சீறாப்புராணம்ப்புராணம்' எனச் சிதையும். பனீ அகமது மரைக்காயர் இயற்றிய சின்னச் சீறாவும் தன் பெயரை இழக்கும். அவ்வாறே குணங்குடி மஸ்தான் சாகிபின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர் என்பதால், அப்துல் காதிர் என்போர் அனைவரையும் அவராக்கிவிடலாகாது. பெயர் ஒன்றாயினும் ஆட்கள் பலர். அதனை அறிபவர் இலக்கியம் பயின்றவரேயன்றிக் கணிப்பொறியன்று.

எனவே செய்முறை இவ்வாறு அமைதல் நன்று. முதலில் பதிவுகள் அனைத்தையும் படியெடுத்துக் காத்தல் வேண்டும். அடுத்து, மாற்றத்தைப் பத்துப் பதிவுகளில் மட்டும் செய்து பார்த்தல் வேண்டும். ஐயத்திற்குரியவற்றை நூலை எடுத்து முகப்பேட்டோடு ஒப்பிடல் வேண்டும். அதன் பின்னரே முழுத் தொகுதிக்கும் கட்டளையிடல் வேண்டும்.

எல்லாவற்றினும் தலையாய நெறி ஒன்றுண்டு. தேடுதற்குரிய தலைப்பில் ஆசிரியர் பெயரை ஒரே வடிவமாக்குக. பிற வடிவங்களிலிருந்து அதற்குக் 'காண்க' எனக் குறிப்புத் தருக. ஆயின் நூலின் முகப்பேட்டில் அச்சிட்டுள்ள எழுத்தை உள்ளவாறே பதிக. அது நூல் வெளிவந்த காலத்தின் வழக்கிற்குச் சான்று. 'உமறு' என்பதிலுள்ள றகரத்தையும், அறபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அமைத்த முறையையும் பிழையெனக் கருதி அழிப்போமாயின், நம் முன்னோரின் மொழி வரலாற்றையே அழித்தவராவோம்.

இப்பணிக்குத் தமிழறிவும் கணிப்பொறிப் பயிற்சியும் ஒருங்கே வேண்டும். தமிழ் பயிலும் மாணவர்கள் தத்தம் நூலகத்தில் ஓர் ஆசிரியரின் பதிவுகளையேனும் எடுத்துச் செம்மைப்படுத்தினால், மறைந்து கிடக்கும் நூல்கள் படிப்பவர் கைக்கு வரும்.