தனியா பீச் ரிசார்ட் போறீங்களா? கூட வராத அந்த ரெண்டாவது ஆளைப் பத்தி பேசுவோம்

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

கீழ்பென்னாத்தூர்ல இருந்து இன்னொரு எபிசோட். இன்னைக்குக் கேள்வி இதுதான்: "ஃப்ரெண்ட்ஸ் யாருக்கும் லீவு கிடைக்கல. நான் மட்டும் இலங்கைக்குப் போயி, ஒரு பீச் ரிசார்ட்ல நாலு நாள் இருந்துட்டு வரலாமா?"

தாராளமா போலாம். சென்னையில இருந்து கொழும்புக்கு விமானத்துல சுமார் ஒன்றரை மணி நேரம்தான். கடிகாரத்தைக்கூட மாத்த வேண்டாம், ரெண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். ஆனா நம்ம சாஃப்ட்வேர் வேலையில ஒரு சர்வரை மட்டும் நம்பி எதையும் ஓட்ட மாட்டோம் இல்லையா? அது விழுந்தா தாங்கிக்க ஒரு பேக்கப் இருக்கும். டூர்ல அந்த பேக்கப், கூட வர்ற ஆள்தான். அவர் என்னென்ன வேலை செய்றாருன்னு, அவர் வராதப்பதான் தெரியும்.

முதல் வேலை: பில்லைப் பாதியாக்குறது

ரிசார்ட்ல வாடகை ஆளுக்கு இல்ல, ரூமுக்கு. போட்டிருக்கிற விலை பெரும்பாலும் ரெண்டு பேர் தங்குற கணக்கு. தனியா போனாலும் கிட்டத்தட்ட அதே தொகைதான்.

விலைக்குப் பக்கத்துல ரெண்டு ப்ளஸ் குறி இருந்தா உஷாரா இருங்க. சேவைக் கட்டணமும் வரியும் தனின்னு அர்த்தம். இலங்கையில சேவைக் கட்டணம் வழக்கமா 10 சதவீதம். வாட் வரி 2024 ஜனவரியில இருந்து 18 சதவீதம். உதாரணத்துக்கு, 20,000 இலங்கை ரூபாய்னு போட்டிருந்தா, சேவைக் கட்டணம் சேர்த்து 22,000. அது மேல வாட் போட்டா 25,960. அதனால புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: ஒரு ஆளுக்குத் தனி ரேட் இருக்கா? எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

எந்த மாசம், எந்தக் கரை?

இலங்கை சின்னத் தீவுதான். ஆனா ரெண்டு பருவமழையும் ரெண்டு பக்கத்தை மாத்தி மாத்தி அடிக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போ பெந்தோட்டை, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ இருக்கிற பக்கம் கடல் கொந்தளிப்பா இருக்கும். அதே மாசங்கள்ல கிழக்குப் பக்கம், திருகோணமலை பக்கத்து நிலாவெளியும் மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவும் அமைதியா இருக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தா அப்படியே தலைகீழ்.

நமக்கு இதை ஞாபகம் வச்சுக்கிறது ஈஸி. தீபத்துக்கு மழை கொட்டி நம்ம ஏரி நிறையுற சமயத்துல, அங்க கிழக்குக் கரையிலயும் மழைதான். அப்போ போகாதீங்க. அக்னி நட்சத்திரம் முடிஞ்சு போறீங்கன்னா கிழக்கு. பொங்கல் லீவுக்குப் போறீங்கன்னா தெற்கு.

தனியா போறவங்களுக்கு நான் பாசிக்குடாவைத்தான் சொல்லுவேன். முதல் காரணம், அந்தப் பக்கம் தமிழ் பேசுற ஊருங்க. ரெண்டாவது, வளைஞ்ச குடா, ஆழம் கம்மி. ரொம்ப தூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணிதான். மட்டக்களப்பு போற ரயில் பாதையில வாழைச்சேனை, கல்குடா ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு.

இன்னொண்ணு, பௌர்ணமின்னா நமக்கு கிரிவலம். அங்க அது போயா, அரசு விடுமுறை. மதுக்கடை மூடியிருக்கும். தேதியை காலண்டர்ல பாத்துக்கோங்க.

ரெண்டாவது வேலை: கரையில உக்காந்து உங்களைப் பாக்குறது

இந்த எபிசோடே இதுக்காகத்தான்.

நம்ம ஊர்ல பாதி பேர் கிணத்துல நீச்சல் கத்துக்கிட்டவங்க. முதுகுல கேனைக் கட்டி, லாரி டியூபைப் போட்டுத் தள்ளிவிட்டு வந்த நீச்சல். கிணத்துத் தண்ணி நின்ன இடத்துல நிக்கும். எந்தப் பக்கம் நீந்தினாலும் பத்துப் பதினஞ்சு கை போட்டா சுவரைத் தொட்டுடலாம். கடல்ல அந்தச் சுவர் இல்ல.

அலை கரைக்குக் கொண்டு வர்ற தண்ணி எல்லாம் எங்கயாவது திரும்பிப் போகணும். மணல் திட்டுக்கு நடுவுல பள்ளம் இருந்தா, அது வழியா ஒரு வாய்க்கால் மாதிரி கடலுக்குள்ள ஓடும். இதை ரிப் கரண்ட்னு சொல்வாங்க. வேகமானது வினாடிக்கு 8 அடி வரை போகும். அதை எதிர்த்து யாராலயும் நீந்த முடியாது. இதுல கொடுமை என்னன்னா, அந்த இடத்துல அலை உடையாது. ரெண்டு பக்கமும் நுரை, நடுவுல மட்டும் அமைதியா, கொஞ்சம் கருப்பா தெரியும். பழக்கமில்லாதவங்க "இங்க அலையே இல்ல, இறங்கலாம்"னு சரியா அங்கதான் இறங்குவாங்க.

மாட்டிக்கிட்டா ஒரு விஷயம் ஞாபகம் வைங்க: அது உங்களை வெளியே இழுக்கும், கீழே இழுக்காது. பல பேர் முழுகுறது, கரையைப் பாத்து எதிர்த்து நீந்தி, கை சோர்ந்து போறதால. முதல்ல மல்லாந்து மிதங்க, மூச்சு சீராகட்டும். கையைத் தூக்கி உதவி கேளுங்க. தெம்பு இருந்தா கரைக்கு இணையா, பக்கவாட்டுல நீந்துங்க. அந்த வாய்க்கால் அகலம் கம்மிதான். அதை விட்டு வெளிய வந்ததும், சாய்வா கரைக்குத் திரும்புங்க.

ரிப் கரண்ட்டை உண்டாக்குறதே உடையுற அலைதான். அதனால மாசம் பாத்து அமைதியான கரைக்குப் போறது, மழையில நனையாம இருக்குறதுக்கு மட்டும் இல்ல, உயிருக்கும்தான்.

ஆனா நீங்க கையைத் தூக்கினா பாக்க ஒருத்தர் வேணுமே? கூட ஆள் இல்லாதப்போ அந்த ஆளை நீங்களே ஏற்பாடு பண்ணிக்கணும். உயிர்காப்பாளர் இருக்கிற இடத்துல, சிவப்பு மஞ்சள் கொடிக்கு நடுவுல மட்டும் இறங்குங்க. முழுச் சிவப்புக் கொடின்னா இறங்கவே வேண்டாம். ரிசார்ட் வரவேற்பு மேசையில "கடலுக்குப் போறேன், ஆறு மணிக்குள்ள வந்துடுவேன்"னு சொல்லிட்டுப் போங்க. இருட்டின பிறகோ, குடிச்சிட்டோ தண்ணியில கால் வைக்காதீங்க.

போன்ல ரெண்டு நம்பர் சேவ் பண்ணிக்கோங்க. போலீசுக்கு 119. ஆம்புலன்சுக்கு 1990. இந்த இலவச ஆம்புலன்ஸ் சேவை, 2016-ல இந்தியாவோட நிதி உதவியில ஆரம்பிச்சது, பேரு 'சுவ செரிய'. அப்புறம் ரிசார்ட் பேரு, ரூம் நம்பர், திரும்புற விமானம், இந்த மூணையும் கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. அம்மா கேக்குறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டா, போன் கால் பாதி குறையும்.

டிக்கெட் போடுறவங்க, எந்த மாசம் போறீங்கன்னு எழுதுங்க. எந்தக் கரைன்னு அடுத்த எபிசோட்ல சேர்ந்து பாப்போம்.