வேலியே பயிரை மேய்ந்தால்?

கால் வீங்குகிறதா? சிறுநீர் நுரைத்துப் போகிறதா? "உப்பைக் குறைத்தால் சரியாகிவிடும்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகினாலும் இப்படி ஆகும்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. பெரியவர்களுக்கு வரும் 'மெம்பரேனஸ் நெஃப்ரோபதி' என்ற வியாதியில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய 'ஆன்ட்டிபாடி' என்னும் எதிர்ப்புப் பொருள் அந்த வடிகட்டிகளையே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! பெரும்பாலோரிடம் அது குறி வைக்கும் புரதம் இன்னதென்று 2009-ல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதனால் இன்று ரத்தப் பரிசோதனையிலேயே பலருக்குத் துப்புக் கிடைத்துவிடுகிறது.

சிகிச்சையோ முள்ளை முள்ளால் எடுப்பது. ரிட்டக்ஸிமாப் என்ற மருந்தும் ஓர் ஆன்ட்டிபாடிதான். 1997-ல் ஒருவகைப் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. எதிர்ப்புப் பொருள் உற்பத்திக்கு மூலமான 'பி' அணுக்களை இது தேடி அழிக்கிறது.

2019-ல் வெளியான ஆராய்ச்சியில் 130 நோயாளிகளில் பாதிப் பேருக்கு இந்த மருந்தும், மறுபாதிக்குப் பழைய மருந்தான சைக்ளோஸ்போரினும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் பெரிய வித்தியாசமில்லை. மருந்துகளை நிறுத்தி, இரண்டாம் ஆண்டு முடிவில் பார்த்தால், வியாதி ஓரளவேனும் அடங்கியிருந்தவர்கள் புது மருந்தில் நூற்றுக்கு 60 பேர். பழையதில் 20 பேரே!

அபாயமும் உண்டு. தொற்றுநோய்கள் எளிதில் பற்றலாம். உடலில் பதுங்கியிருக்கும் மஞ்சள் காமாலைக் கிருமியான 'ஹெபடைட்டிஸ் பி' தலைதூக்கலாம். ஆகவே முன்கூட்டியே ரத்தத்தைச் சோதிப்பார்கள். சிலருக்கு வியாதி தானாகவே தணிவதால், டாக்டர் "பொறுங்கள்" என்றாலும் கலங்க வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: நுரை கண்டால் சிறுநீரைச் சோதித்துவிடுங்கள்.