சந்தையில் புலி, வகுப்பில் பூனை

கிலோ 20 ரூபாய் விலையில் 800 கிராம் உருளைக்கிழங்கு. கிலோ 15 ரூபாய் விலையில் 1.4 கிலோ வெங்காயம். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறுவர் சிறுமியரிடம் வாடிக்கையாளர்களைப் போலச் சென்ற ஆய்வாளர்கள், வேண்டுமென்றே இப்படிக் கோணல்மாணலான அளவுகளில் கேட்டார்கள். மொத்தம் 37 ரூபாய். 200 ரூபாய் நோட்டை நீட்டினால் 163 ரூபாய் சில்லறை வந்துவிடும். காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை.

அதே பிள்ளைகளைத் தனியே அழைத்து, பள்ளிப் பாணியில் இரண்டிலக்கக் கழித்தல் கணக்குகளைக் கொடுத்தபோது தேறியவர்கள் பாதிக்குச் சற்றே அதிகம்தான். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 1,436 சிறு வியாபாரிகளிடம் நடத்திய இந்த ஆய்வு, 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. பள்ளிக்கு மட்டும் செல்லும் பிள்ளைகளின் கதை தலைகீழ்: ஏட்டுக் கணக்கில் சமாளிக்கிறார்கள், சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள்.

கோளாறு எங்கே? பள்ளி கற்றுத்தரும் முறையில் 200இலிருந்து 37ஐக் கழிக்க, ஒன்றாம் இடத்துப் பூஜ்யம் பத்தாம் இடத்தில் கடன் கேட்கிறது. அங்கும் பூஜ்யம். நூறாம் இடத்திடம் போய் வாங்கி, அதில் ஒரு பத்தைக் கொடுத்து, மீதியை வைத்து... யாரிடம் எதை வாங்கினோம் என்பதே குழந்தைக்கு மறந்துவிடுகிறது. கடைக்காரர் யாரிடமும் கடன் வாங்குவதில்லை. 37உடன் 3 சேர்த்தால் 40, இன்னும் 60 சேர்த்தால் 100, மேலும் 100 சேர்த்தால் 200. கூட்டிக்கொண்டே போய்க் கழித்துவிடுகிறார்! கொடுத்த சில்லறை 163.

இந்த வழியைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்திலேயே கடன் வாங்கும் முறையையும் போட்டுக் காட்ட ஆசிரியருக்குப் பத்து நிமிடம் போதும். காய்கறி விற்றுவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு, தனக்கும் கணக்கு வரும் என்பது அப்போதுதான் தெரியும்.

ஆனால், எண்ணுக்குப் பக்கத்தில் 'ரூபாய்' என்று எழுதிவிட்டால் மட்டும் அது வாழ்க்கைக் கணக்காகிவிடாது. 'ரவியிடம் 47 ரூபாய் இருக்கிறது. இது கமலாவிடம் இருப்பதைவிட 15 ரூபாய் குறைவு. கமலாவிடம் எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள். 'குறைவு' என்ற சொல்லைப் பார்த்ததுமே கழித்து, 32 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. சொல்லைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடப் பழக்கியதன் விளைவு இது. விளையாட்டு நோட்டுகளைக் கொடுத்து, யாரிடம் அதிகம் என்று முதலில் கேட்டால், 62ஐ அவர்களே எண்ணி வைக்கிறார்கள்.