மரக்குதிரை செய்வது கூடுமா?

பிள்ளைகளைக் கைத்தொழிலுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: மரத்தில் யானை, குதிரை செய்து விற்கும் வருமானம் ஹலாலா?

உருவம் செய்வது பற்றிய ஹதீஸ்கள் கடுமையானவை. உருவம் செய்தே பிழைத்த ஒருவர் வந்து கேட்டபோது, மரம் போல ரூஹு இல்லாதவற்றைச் செய்யும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் உள்ளது. அலங்காரச் சிலைக்கு இதுவே போதும். குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் வேறு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் இறக்கை வைத்த குதிரைப் பொம்மை இருந்ததும், அவர்கள் சொன்ன பதிலைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததும் அபூதாவூதில் வருகிறது. அதனால் அறிஞர்களில் பெரும்பாலோர் பொம்மைக்கு அனுமதி தந்துள்ளனர். மாற்றுக் கருத்தும் உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வேலை. கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே இத்தொழிலில் நம் சமுதாயத்தார் பலர் இருக்கிறார்கள். மரம் வேறொன்றுமில்லை, நம் வெட்பாலைதான். நன்றாகக் காய்ந்த கட்டையை மின்சாரக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, உளியால் குதிரையின் உடம்பை உருட்டி எடுக்கிறார்கள். கடைசலில் உருண்டை வடிவம்தான் வரும். காது, வால், கால்களைத் தனியே அறுத்துப் பொருத்த வேண்டும். அது கைவேலை. பிறகு உப்புத்தாள். கடைசியில், சுழலும் மரத்தின் மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால் உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படிகிறது. அதைத் தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். தாழைக்கு நம் கடற்கரையில் பஞ்சமா என்ன!

குழந்தை வாயில் வைக்கும் பொருள் இது. மஞ்சள் போன்ற தாவரச் சாயம் கலந்த அரக்கே நல்லது. ஈயம் கலந்த மலிவு பெயின்ட் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். அதைப் பூசி விற்பது மோசடிதான்.

செய்பவருக்கும் ஆபத்து உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருள்களில் 1995-லேயே சேர்த்துவிட்டது. முகத்தில் கட்டும் கைக்குட்டை போதாது. என்-95 முகக்கவசம் வேண்டும். கண்ணாடியும் அவசியம். லுங்கி, தொளதொளத்த ஜிப்பா, துப்பட்டா எதுவும் கடைசல் அருகே கூடாது. கையுறையும் கூடாது, சுழலும் கட்டை அதைப் பற்றினால் விரலோடு இழுத்துவிடும்.