வீட்டு கரன்ட் பில்லை நீங்கதான் கட்டுறீங்களா? அப்போ இந்த மானியத்துக்கும் நீங்கதான் அப்ளை பண்ணணும்!

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எனக்கு ஊரிலிருந்து ஒரு போன் வரும். "பாப்பா, கரன்ட் பில் மெசேஜ் வந்திருக்கு. கட்டி விட்டுரு." அவ்வளவுதான் அம்மா. அரை நிமிஷத்தில் ஜிபேவில் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். உங்களுக்கும் இது பழக்கமான கதையாகத்தான் இருக்கும். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்துகொண்டு ஊர் வீட்டு பில்லைக் கட்டுகிற தலைமுறை நாம்.

ஆனால், எவ்வளவு வருகிறது என்று ஒரு நாளாவது பார்த்திருக்கிறீர்களா? போன வருஷக் கோடையில்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். 2,900 ரூபாய்க்குப் பக்கம். ரிட்டயர்டு அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு! அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்த பிறகு ஒரு ரூமுக்கு ஏ.சி. போட்டோம். அதன் விலை அந்த பில்லில் தெரிந்தது. அதைவிட, "ராத்திரி ரெண்டு மணிக்கு ஏ.சி.யை ஆஃப் பண்ணிடுறேன்மா" என்று அப்பா சாதாரணமாகச் சொன்னதுதான் என்னவோ போலாகிவிட்டது. இதில் அரசாங்கத்திடமிருந்து ஏதாவது உதவி கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அப்ளை பண்ணாமலே கிடைப்பது

தமிழ்நாட்டில் எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016 மே மாதத்தில் வந்தது இது. எந்த ஃபார்மும் வேண்டாம், பில்லிலேயே கழிந்து வரும். பலருக்குத் தெரியாதது அடுத்த அடுக்குதான். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரைக்கும் பாதிக் கட்டணம். 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகான கணக்கில் யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போச்சு, அந்த 100 யூனிட்டுக்கும் 4.70.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! 600 யூனிட் என்றால் 2,880. ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்னாடி அம்மாவை மீட்டரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 460, 470-ல் நின்றால் அந்த வாரம் மட்டும் கிரைண்டரையும் ஹீட்டரையும் கொஞ்சம் பார்த்துப் போட்டால் போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று ஹவுஸ் ஓனர் வாங்கினால், அந்த 100 யூனிட் இலவசம் உங்கள் கைக்கு வரவே இல்லை என்று அர்த்தம். அடுத்த வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று கேட்கிற மாதிரி, "தனி மீட்டரா, ஈ.பி. பில்லை அப்படியே கட்டலாமா?" என்பதையும் கேளுங்கள். 2022-ல் ஆதாரை மின் இணைப்போடு இணைத்தபோது வாடகைதாரர் தன் ஆதாரை இணைக்கவும் வழி இருந்தது. "ஓனர் ஆதார்தான் வேணும்" என்று யாராவது சொல்லியிருந்தால், அது அவர்கள் சொன்னது.

அப்ளை பண்ணினால் கிடைப்பது

பெரிய தொகை இருப்பது மொட்டை மாடியில். பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. சொந்த வீட்டு மாடியில் சோலார் போட்டால் மத்திய அரசு மானியம் தருகிறது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000-தான்.

எல்லா வீட்டுக்கும் இது லாபமா? இல்லை. விளம்பரங்கள் இதைச் சொல்லாது. உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்தான் ஓடுகிறது என்றால் பில்லே 235 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க யாராவது அரை லட்சம், முக்கால் லட்சம் போடுவார்களா? 500-ஐ அடிக்கடி தாண்டுகிற வீட்டுக்குத்தான் இது. 1 கிலோவாட் நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 480 யூனிட் அளவுக்கு. அது கழிவது பில்லின் மேல் அடுக்கிலிருந்து, அதாவது 8.40, 6.30 ரூபாய் யூனிட்களிலிருந்து. அதனால்தான் பெரிய பில் வருகிற வீட்டுக்குப் போட்ட காசு சீக்கிரம் திரும்புகிறது.

மாடியில் நிழல் விழாத இடம் 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். பக்கத்து வீட்டுத் தென்னை மரம், நம் வீட்டு வாட்டர் டேங்க் இரண்டையும் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். அபார்ட்மென்ட் மாடி எல்லோருக்கும் பொது, உங்கள் இஷ்டத்துக்குப் போட முடியாது. குடியிருப்போர் சங்கம் சேர்ந்து லிஃப்ட், மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டுக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.

விண்ணப்பம் முழுக்க ஆன்லைன்தான். பிஎம் சூர்யகர் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் மாநிலம், மின்வாரியம், வீட்டு மின் இணைப்பு எண், மொபைல் நம்பர் கொடுத்து பதிவு செய்ய வேண்டும். 10 கிலோவாட் வரைக்கும் தொழில்நுட்ப ஆய்வு கிடையாது, அனுமதி கிடைத்ததாகவே கணக்கு. பிறகு அதே தளத்தில் பதிவு செய்த நிறுவனங்களில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். அவர்கள் பேனல் மாட்டி, நெட் மீட்டருக்கு விண்ணப்பித்து, மின்வாரிய ஆள் வந்து சோதித்த பிறகுதான் நீங்கள் வங்கி விவரத்தைக் கொடுத்து மானியம் கேட்க முடியும். விதிப்படி 30 நாளில் கணக்கில் விழ வேண்டும்.

கவனியுங்கள், மானியம் கடைசியில்தான் வரும். முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் கொடுக்க வேண்டும், அல்லது அடமானம் இல்லாத வங்கிக் கடன் வாங்க வேண்டும். "ஒரு பைசா வேண்டாம் சார், எல்லாம் ஃப்ரீ" என்று யாராவது அப்பாவிடம் போன் பண்ணினால் கட் பண்ணச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப்பும் டீயுமாக உட்கார்ந்தேன். இணைப்பு எண்ணைப் போட்டதும் திரையில் வந்த பெயர் என் தாத்தாவுடையது. அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது! அத்தனை வருஷமும் அவர் பெயருக்கு வந்த பில்லைத்தான் நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். யாரும் கவனிக்கவில்லை, பில்லில் பெயரை யார் படிக்கிறார்கள்?

இந்த நிலையில் மேலே போனால் மானியம் கேட்கிற இடத்தில் மாட்டும். இணைப்பு ஒருவர் பெயரில், வங்கிக் கணக்கு இன்னொருவர் பெயரில் என்றால் சிக்கல்தான். அதனால் முதல் வேலை பெயர் மாற்றம். வீட்டு வரி ரசீது அல்லது பத்திரம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். நாள் பிடிக்கும், ஆனால் வந்துவிடும்.

வராதது அத்தையின் கையெழுத்து. அப்பாவுக்கு இரண்டு அக்கா. சின்ன அத்தை உடனே போட்டுக் கொடுத்துவிட்டார். பெரிய அத்தையோடு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, ஒரு வயல் விஷயம். கடைசியில் நான்தான் போனேன். காப்பி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "கரன்ட்டுக்குக் கையெழுத்துன்னு சொல்லி வீட்டையே எழுதி வாங்கப் போறீங்களாடி?" என்று நேராகவே கேட்டார்.

அந்தப் பயத்தில் தப்பே இல்லை. படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டு இழந்த பெண்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். நான் கடிதத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். மின் இணைப்பில் பெயர் மாறுவதால் சொத்துரிமை மாறாது. ஈ.பி. பில் சொத்துக்கான ஆவணம் கிடையாது, அத்தைக்கு அந்த வீட்டில் என்ன பங்கு இருக்கிறதோ அது அப்படியே இருக்கும். "இது மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு மட்டும்" என்று ஒரு வரியை என் கையாலேயே சேர்த்தேன், அதன் நகலையும் அவரிடமே கொடுத்தேன். மறுநாள் அவர் மகன் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்து வந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தால், தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். நகல் கொடுங்கள்.

அதற்கப்புறம் ஒன்றும் பெரிய கதை இல்லை. மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினோம். மானியத்தைக் கழித்துக் காட்டாத, முழு விலை போட்ட கொட்டேஷனாகக் கேளுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். பேனல் இந்தியாவில் தயாரான செல் கொண்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மானியம் இல்லை. ஐந்து வருஷப் பராமரிப்பை எழுத்தில் வாங்குங்கள். மானியம் கேட்டபோது ஒரு தடவை திரும்பி வந்தது. அப்பாவின் பழைய பாஸ்புக்கில் இருந்த ஐ.எஃப்.எஸ்.சி. கோடு, வங்கிகள் இணைந்த பிறகு செல்லாததாகியிருந்தது. புது கோடு போட்டதும் சரியானது.

அப்பாவுக்கு ஒரே ஏமாற்றம்தான். கரன்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது! பேட்டரி இல்லாத, கிரிட்டோடு இணைத்த சோலார் அப்படித்தான். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அது தானே நின்றுவிடும். இதை முன்னாடியே வீட்டில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "இவ்வளவு காசு கொட்டி..." என்று தினமும் கேட்க வேண்டியிருக்கும்.

கேஸுக்கு?

உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ இன்னும் கேஸ் இணைப்பே இல்லாத ஏழைக் குடும்பம் இருந்தால் உஜ்வாலா திட்டத்தைச் சொல்லுங்கள். 18 வயதான பெண்ணின் பெயரில்தான் கொடுப்பார்கள். வீட்டில் வேறு யார் பெயரிலும் இணைப்பு இருக்கக் கூடாது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு போதும். வேலைக்காக ஊர் மாறி வந்தவர்கள் முகவரிக்குச் சுய உறுதிமொழி கொடுக்கலாம். 2025-26-ல் வருஷத்துக்கு 9 சிலிண்டர் வரை, சிலிண்டருக்கு 300 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது.

எதற்கு அப்ளை பண்ணினாலும், வாட்ஸ்அப்பில் வருகிற லிங்க்கையோ ஏ.பி.கே. ஃபைலையோ அப்பா அம்மா தொட வேண்டாம். "இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று வருகிற மெசேஜும் அதே கூட்டம்தான். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்கள்.

முதல் வேலையாக இன்றைக்கு ராத்திரி ஊருக்குப் போன் பண்ணி, பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று படிக்கச் சொல்லுங்கள்.