தேய்க்குமுன் தெரிந்து கொள்வீர்

நாற்று நடுவோரும் மூட்டை சுமப்போரும் தோள்வலி, கால்வீக்கம் கண்டால் சுளுக்கென எண்ணித் தைலம் தேய்ப்பது வழக்கம். தசைநார் அறுந்திருப்பின் தைலத்தால் அது ஒன்று சேராது. கெண்டைக்கால் வீக்கம் இரத்தம் உறைந்ததால் நேர்ந்ததாயின், தேய்த்தல் உயிருக்கே கேடாகும். உறைகட்டி பெயர்ந்து நுரையீரல் குழாயை அடைக்கக்கூடும்.

எக்ஸ்ரே படம் எலும்பைக் காட்டும்; தசைநாரைத் தெளிவாகக் காட்டாது. இக்குறையை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் நீக்குகிறது. செவிக்கெட்டாத ஒலி அலைகளை உடலினுள் செலுத்தி, எதிரொலியைக் கொண்டு அது படம் அமைக்கிறது. ஊசியில்லை, கதிர்வீச்சுமில்லை. கையை அசைக்கச் செய்து தசைநாரின் இயக்கத்தையும் மருத்துவர் காணலாம். கால்வீக்கம் முழங்கால் நீர்க்கட்டியாலா, இரத்த உறைவாலா என்பதை 1972-ஆம் ஆண்டிலேயே இம்முறையால் பிரித்தறிந்தனர்.

எனினும் எலும்பின் உட்புறத்தை இது காட்டாது; ஏற்ற சோதனையை மருத்துவரே முடிவு செய்வார். கை தூக்க இயலாதவரையும், ஒரு கால் மட்டும் வீங்கியவரையும் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தல் பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும்.