அண்ணனின் இரண்டு ரூபாய்

கரிசல் முகங்கள் - 14

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழிக்கு பஸ் ஏறினால் வழிநெடுகக் கரிசல்காடும் சீமைக்கருவேலமும்தான். கண்மாய் பெருகினால் வெள்ளாமை, இல்லாவிட்டால் கடன். மழையை நம்பிக் கைமாற்று வாங்கும் இந்த மானாவாரிச் சீமையில், ஒளிவுமறைவு இல்லாமல் கணக்குச் சொல்கிறவருக்கு எப்போதுமே தனி மரியாதை உண்டு.

அப்படி மரியாதை பெற்றவர் திருச்சுழி சுந்தரமய்யர். மாதம் 2 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்து, மனு எழுதி, பட்டம் இல்லாமலேயே அந்த ஊர்க் கோர்ட்டில் வக்கீலாக வாதாடியவர். இரண்டு கட்சிக்காரர்களும் அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவார்களாம். அன்று இந்தப் பக்கத்துச் சாலைகளில் வழிப்பறி சாதாரணம். ஆனால் அய்யர் வண்டியை மட்டும் கள்ளர்கள் மறிப்பதில்லை என்பார்கள்.

அவருடைய இரண்டாவது மகன் வேங்கடராமன், 1879 டிசம்பர் 30 அன்று திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவர். உலகம் பிறகு ரமண மகரிஷி என்று அழைத்தது இவரைத்தான். 1892இல் அப்பா இறந்ததும் அண்ணன் நாகசாமியோடு மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனார்.

1896 ஆகஸ்ட் 29. பதினாறு வயதுப் பையன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் என்று அண்ணனிடம் சொல்கிறான். அது பொய். "அப்படியானால் பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்துப் போய் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு" என்கிறார் அண்ணன். பழைய தேசப்படத்தைப் பார்த்துத் திருவண்ணாமலைக்கு 3 ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டவன், அதை மட்டும் எடுத்துக்கொள்கிறான். மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போகிறான்.

தகப்பனைத் தேடிப் போவதாகவும், தன்னைத் தேடிக் காசு செலவழிக்க வேண்டாம் என்றும் சொல்லும் அந்தக் கடிதத்தில் ஞானத்தைத் தேடுகிறவர்களே அதிகம். நான் திரும்பத் திரும்ப வாசிப்பது அதன் கடைசி வரிகளை: அண்ணனுடைய சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை, 2 ரூபாய் இத்துடன் இருக்கிறது என்கிற கணக்கு. எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போகிறவனுக்கு இது எதற்கு? சொல்லாமல் போயிருந்தால், பணம் கட்டியாகிவிட்டது என்று அண்ணன் நம்பியிருப்பார். காலேஜில் போய் அவமானப்பட்டிருப்பார். தன் துறவுக்கு அடுத்தவர் அபராதம் கட்டக்கூடாது என்பதில் அந்தப் பையன் தெளிவாக இருந்தான்.

ஸ்பெஷல் கிளாஸ் பொய்யும் அவர் வாயாலேயே பின்னாளில் வெளியே வந்தது. வரலாறு எழுதியவர்கள் துப்பறிந்து கண்டுபிடித்ததல்ல.

திருவண்ணாமலையிலும் அப்படியே வாழ்ந்தார். உட்கார்ந்தது, படித்தது, தூங்கியது எல்லாம் யாரும் எந்நேரமும் வரக்கூடிய ஒரே ஹாலில். தனக்கென்று தனியறை கிடையாது. முதுமையில் ஓய்வு வேண்டும் என்று பகல் 12 மணியிலிருந்து 2 மணி வரை யாரும் உள்ளே வரக்கூடாதென்று அன்பர்கள் விதி செய்தார்கள். அவர் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். விதி மற்றவர்கள் உள்ளே வருவதற்குத்தானே தவிர, தான் வெளியே போவதற்கு இல்லையே!

உள்ளும் புறமும் ஒன்றாக இருந்தால் திருடனும் தொடமாட்டான் என்று அப்பாவை வைத்துச் சொல்லிவிடலாம். மகன் கதை அப்படிச் சொல்லவிடாது. 1924 ஜூன் 26 இரவு ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். உள்ளே வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னவரையே தொடையில் அடித்தார்கள். தடியெடுத்த சீடரையும் தடுத்தார் ரமணர்.

ஆக, வெளிப்படையாக இருப்பது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு அல்ல. நல்ல பேர் கிடைக்கும், கள்ளன் விலகிப்போவான் என்று கணக்குப் பார்த்து மறைக்காமல் இருப்பவரும் ஒரு வகையில் வியாபாரிதான். திரும்பி வரப்போவதில்லை என்று முடிவெடுத்த பையனுக்கு அந்த 2 ரூபாயால் வரவு எதுவும் இல்லை. இருந்தும் எழுதி வைத்தான்.

(அடுத்த வாரம்: அருப்புக்கோட்டைத் தறிக்காரர்கள்)